டாபிக் தேடி அலைஞ்சதும் மாமாவோட பில் நோட்டும்

போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு ஜூனியர் பொண்ணு ஒருத்தி போன் பண்ணா. மேனேஜ்மென்ட்ல பிஹெச்டிக்கு ரெஜிஸ்டர் பண்ணி ஆறு மாசம் ஆயிடுச்சு, கோர்ஸ் ஒர்க் பாதி முடிஞ்சாச்சு, இன்னும் டாபிக் முடிவாகல, அடுத்த வாரம் கைட் கேட்டுருவாருன்னு பயந்து போயிருந்தா. "அக்கா, ஒரு நல்ல டாபிக்கா சொல்லுங்களேன், டேட்டா ஈஸியா கெடைக்கணும், முன்னூறு நானூறு சாம்பிள், அதாவது பதில் சொல்ற ஆளுங்க, வரணும், இதுக்கு முன்னாடி யாரும் பண்ணிருக்கக் கூடாது, அவ்ளோதான்." நான் சேர்ந்த புதுசுல என் சீனியர் அக்கா ஒருத்தங்ககிட்ட இதே மூணையும் இதே வரிசையில கேட்டிருக்கேன். அவங்களும் ரெண்டே நிமிஷத்துல ஒரு டாபிக் சொல்லிட்டாங்க, நானும் எழுதிக்கிட்டு நிம்மதியா போன வெச்சேன், அதுக்கப்புறம் ரெண்டரை வருஷம் என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். அதனால இவகிட்ட டக்குனு ஒண்ணு சொல்ல மனசு வரல. ரெண்டு நாள் டைம் குடு எழுதி அனுப்பறேன்னு சொன்னேன், எழுத உக்காந்தா வாட்ஸாப்புல அடங்கல, அதான் இங்க போடறேன்.

நம்ம பக்கம் டாபிக் எப்படி முடிவாகுதுன்னு உள்ள இருக்கறவங்களுக்கு நல்லா தெரியும். கைட் எந்த ஏரியாவோ அதுலதான் நம்ம டாபிக்கும். அவரு மார்க்கெட்டிங்னா நமக்கு ஆன்லைன் ஷாப்பிங், ஹெச்ஆர்னா நமக்கு ஒர்க் லைஃப் பேலன்ஸ், ஃபைனான்ஸ்னா இன்வெஸ்டர் பிஹேவியர். அடுத்து ஷோத்கங்காங்கற வெப்சைட்டுக்குள்ள போவோம், காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தறது, நாட்டுல இருக்கற பல்கலைக்கழகங்களோட ஆய்வேடெல்லாம் அதுல ஏத்தி வெச்சிருப்பாங்க. அங்க நம்ம டாபிக்க போட்டுத் தேடினா "வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு" அப்டின்னு போட்டு ஒரு மாவட்டத்து பேரோட தலைப்பு வரிசையா வந்து விழும். ஈரோட்டுல பண்ணிருப்பாங்க, சேலத்துல பண்ணிருப்பாங்க, கோயம்புத்தூர்ல பண்ணிருக்க மாட்டாங்க, உடனே நமக்கு கேப், அதாவது யாரும் ஆராயாத எடம், கெடைச்சிருச்சுன்னு ஒரு சந்தோஷம். "இந்த மாவட்டத்துல இதப்பத்தி ஆய்வு இல்ல" அப்டின்னு சினாப்சிஸ்ல, அதான் ஆய்வுத் திட்டச் சுருக்கத்துல, ஒரு வரி எழுதினா போதும். ஆனா ஈரோட்டு பேங்க் ஊழியரும் கோயம்புத்தூர் பேங்க் ஊழியரும் எதுல வேறன்னு அந்த வரி சொல்லாது, யாரும் கேக்கவும் மாட்டாங்க.

இதுல ஸ்காலர குத்தம் சொல்லி ஒண்ணுமில்ல, நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேரு காலேஜ்ல முழு நேரமா பாடம் எடுத்துக்கிட்டு, பேப்பர் திருத்திக்கிட்டு, காலேஜுக்கு தரச்சான்று குடுக்கற நாக் குழுவுக்கான வேலை பாத்துக்கிட்டு, வீட்டையும் பாத்துக்கிட்டு பார்ட் டைம்ல பண்றாங்க. 2016 விதிமுறைல தீசிஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பராவது ஆராய்ச்சி ஜர்னல்ல வந்திருக்கணும்னு பல்கலைக்கழக மானியக்குழு, அதான் யுஜிசி, சொல்லிச்சு, 2022ல வந்த புது விதிமுறைல அந்த கட்டாயத்த எடுத்துட்டாங்க, ஆனா காலேஜ்ல ப்ரமோஷனுக்கும் ரேங்கிங்குக்கும் பேப்பர் எண்ணிக்கை வேணும், அதனால கேக்கறது நிக்கல. மூணு மாசத்துல பேப்பரா மாத்தக்கூடிய டாபிக்னா அது கேள்வித்தாள் டாபிக்தான். அஞ்சு பாயின்ட் ஸ்கேல்ல நாப்பது கேள்வி, கூகுள் ஃபார்ம், ஸ்மார்ட் பிஎல்எஸ்ங்கற புள்ளியியல் சாஃப்ட்வேர்ல போட்டா அம்புக்குறி போட்ட படம் ஒண்ணு வரும். ஒத்துக்கறேன், அந்த சாஃப்ட்வேர் நல்ல சாஃப்ட்வேர், அந்த முறையும் தப்பில்ல. ஆனா கேள்வி பொறக்கறதுக்கு முன்னாடியே முறைய முடிவு பண்ணிடறோம், எது டிக் அடிக்க முடியுமோ அது மட்டும்தான் கேள்வின்னு ஆயிடுது.

பெரிய இடத்துல எல்லாம் இப்படி இருக்காதுன்னு நெனச்சிருந்தேன். அங்கயும் இருக்கு, வேற உருவத்துல. ஃபைனான்ஸ் பண்றவங்களுக்கு சிஎம்ஐஇங்கற தனியார் ஆய்வு நிறுவனத்தோட ப்ரோவெஸ் டேட்டாபேஸ் இருக்கற காலேஜா இல்லாத காலேஜான்னு பாத்தே பாதி டாபிக் முடிவாகிடும், ஏன்னா அதுல கம்பெனிகளோட வரவு செலவு கணக்கெல்லாம் அடுக்கி வெச்சிருக்கும். நம்ம ஊர்ல ஷட்டர் போட்ட கடைக்குள்ள பத்து மிஷின் போட்டு ஓட்டறவரு அதுல இருக்க மாட்டாரு, அதனால அவரப் பத்தின கேள்வியும் இருக்காது. இன்னும் மேல போனா ஜர்னல் லிஸ்ட். ஒசத்தியான ஜர்னல்னு ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகை 50 பேர லிஸ்ட் போட்டு வெச்சிருக்கு, அமெரிக்காவுல டல்லாஸ்ல இருக்கற டெக்சஸ் பல்கலைக்கழகம் 24 பேர லிஸ்ட் போட்டு வெச்சிருக்கு, ஆஸ்திரேலியா பிசினஸ் டீன்ஸ் கவுன்சில் ஜர்னல்கள ஏ ஸ்டார், ஏ, பி, சின்னு தரம் பிரிச்சு வெச்சிருக்கு. இந்த லிஸ்ட்ல இருக்கற ஜர்னல்ல ஒரு பேப்பர் வந்தா வேலை நிலைக்கும், வரலைன்னா போகும், அப்போ என்ன டாபிக் எடுத்தா அங்க ஏத்துப்பாங்கன்னுதான் யாரா இருந்தாலும் யோசிப்பாங்க.

இது எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு தேடிப் படிச்சப்போ ஒரு விஷயம் தெரிஞ்சுது. 1959ல அமெரிக்காவுல ஃபோர்டு ஃபவுண்டேஷன்ங்கற அறக்கட்டளை ஒரு அறிக்கை, கார்னகி அறக்கட்டளை ஒரு அறிக்கை, ரெண்டும் ஒரே வருஷம் வந்துச்சு. பிசினஸ் ஸ்கூல்ல ஆராய்ச்சியே சரியில்ல, தொழிற்பள்ளி மாதிரி நடத்தறீங்க, அறிவியல் முறைய கொண்டாங்கன்னு ரெண்டும் போட்டுத் தாக்குச்சு. அதுக்கப்புறம்தான் புள்ளியியல், பொருளாதாரம், உளவியல் ஆளுங்கல்லாம் பிசினஸ் ஸ்கூலுக்குள்ள வந்தாங்க. அதே ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடதான் 1961ல நம்ம நாட்டுல கல்கத்தாலயும் அகமதாபாத்லயும் ஐஐஎம் வந்துச்சு, ஒண்ணுக்கு எம்ஐடி துணை, இன்னொண்ணுக்கு ஹார்வர்டு துணை. அப்புறம் 2005ல வாரன் பென்னிஸ், ஜேம்ஸ் ஓ டூல்னு ரெண்டு அமெரிக்க பேராசிரியருங்க எழுதறாங்க, இப்ப பிசினஸ் ஸ்கூல் வழி தவறிப் போயிடுச்சு, தொழில் நடத்தறவனுக்கு என்ன பிரச்சனைன்னே பேராசிரியருக்குத் தெரியல, எது அளக்க முடியுமோ அத மட்டும் ஆராயறாங்கன்னு. நாப்பத்தாறு வருஷத்துல குத்தச்சாட்டு அப்படியே தலைகீழா மாறிடுச்சு. அத நான் படிச்சது காலேஜ் லைப்ரரில ஒரு மத்தியான நேரம், ஏற்கனவே கேள்வித்தாளத் தூக்கிக்கிட்டு அலைஞ்சு களைச்சுப்போன சமயம், என்னப் பத்தியே எழுதின மாதிரி இருந்துச்சு.

என் மொத டாபிக் தனியார் பேங்க் ஊழியர்களோட ஈடுபாடு, எம்ப்ளாயி என்கேஜ்மென்ட்னு சொல்லுவோமே அது, கோயம்புத்தூர் மாவட்டம். 42 கேள்வி. ஒரு நாள் ஒரு கிளைல சாயங்காலம் நாலரை மணி, கூட்டம் குறைஞ்ச நேரமா பாத்து ஒரு ஆபீசர்கிட்ட தாள நீட்டினேன். நாப்பது வயசு இருக்கும். பேனாவ எடுத்தவரு முதல் பக்கத்துல நாலாவது கட்டத்துல டிக் போட ஆரம்பிச்சு அப்படியே கோடு இழுத்த மாதிரி கீழ வரைக்கும் போனாரு, ரெண்டாவது பக்கமும் அப்படித்தான், எல்லாத்துக்கும் "அக்ரீ". மூணு நிமிஷம்கூட ஆகல. அதுல நடுவுல ரெண்டு கேள்வி தலைகீழா கேட்டிருப்போம், கவனமா படிக்கறாங்களான்னு பாக்கறதுக்கு, அதுக்கும் அக்ரீ. திருப்பிக் குடுக்கும்போது கொஞ்சம் தயங்கினாரு, "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், இதுல ட்ரான்ஸ்ஃபர் பத்தி ஒரு கேள்விகூட இல்லையே"ன்னு கேட்டாரு. அவரோட பொண்ணு பன்னெண்டாவது, இவர வேற மாநிலத்துக்கு மாத்தப் போறாங்கன்னு பேச்சு அடிபடுது, ஆறு மாசமா ராத்திரி தூக்கம் இல்லைன்னு சொன்னாரு. என் ஸ்கேல் வெளிநாட்டுல உருவாக்கி, பல நாட்டுல சரிபார்த்த ஸ்கேல், அதுல ட்ரான்ஸ்ஃபர் கெடையாது. நான் நன்றி சொல்லிட்டு தாள வாங்கிப் பையில வெச்சுக்கிட்டு வந்துட்டேன். அவரு சொன்னத எழுதிக்கக்கூட இல்ல. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. ஒரு மனுஷன் டாபிக்க கைல எடுத்துக் குடுத்தாரு, நான் வாங்கிக்காம வந்துட்டேன்.

அதுக்கு அடுத்த பொங்கலுக்கு, 2023ல, திருப்பூர் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவோட தம்பி. பவர் டேபிள் வெச்சிருக்காரு, 14 மிஷின். திருப்பூர் தெரியாதவங்களுக்கு சொல்றேன், பவர் டேபிள்னா தையல் மட்டும் ஜாப் ஒர்க்கா எடுத்துப் பண்ற சின்ன யூனிட். கம்பெனி துணிய கட் பண்ணி மூட்டையா குடுக்கும், இவங்க ஓவர்லாக், ஃப்ளாட்லாக் போட்டுத் தைச்சு, பிசிறு வெட்டி, கட்டித் திருப்பிக் குடுப்பாங்க, பீஸுக்கு இவ்ளோன்னு கூலி. மாமா பில் நோட்ட டேபிள்ல விரிச்சு வெச்சு எதையோ கூட்டிக்கிட்டு இருந்தாரு. நீளமான நோட்டு, கார்பன் தாள் வெச்சது. ஒவ்வொரு பில்லோட ஓரத்துலயும் பென்சில்ல குட்டி குட்டியா புள்ளி. சிலதுல மூணு, சிலதுல அஞ்சு, ஒண்ணுல எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. என்ன மாமா இதுன்னு கேட்டேன்.

"பணம் கேட்டு போன் பண்ணுவனல்ல அம்மணி, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி. இல்லீனா மறந்துருது, அடிக்கடி கேட்டாலும் கோவிச்சுக்குவாங்க."

நான் பக்கத்த புரட்டிக்கிட்டே போனேன். ஒரு பார்ட்டியோட பில்லு மட்டும் புள்ளியே இல்லாம சுத்தமா இருந்துச்சு. சரி இவங்க உடனே குடுத்துடறாங்க போலன்னு நெனச்சு தேதிய பாத்தா நாலு மாசம் ஆன பில்லு, இன்னும் பணம் வரல. இருக்கறதுலயே ரொம்ப பழசு அதுதான். இவங்கள ஏன் மாமா கேக்கலன்னேன். மாமா நோட்டுலேர்ந்து தலைய தூக்காமயே சொன்னாரு, "அவுங்கள கேக்க மாட்டேன். 2011ல சாயப்பட்டறை எல்லாம் மூடுனப்ப நம்மளுக்கு வேலையே இல்ல, அப்ப வெளியூர்ல சாயம் போட்டாந்து நம்ம டேபிளுக்குத்தான் பீஸ் குடுத்தாரு. ஆடி மாசத்துலயும் மிஷின நிக்க உட மாட்டாரு."

2011 ஜனவரில சென்னை உயர்நீதிமன்றம் நொய்யல் மாசுபட்டதுக்காக திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது ஊருக்கே தெரிஞ்ச விஷயம். அன்னைக்கு குடுத்த வேலைக்காக பன்னெண்டு வருஷம் கழிச்சும் ஒரு மனுஷன் போன் பண்ணாம இருக்காரு. அதே நேரம் அவரு வாரா வாரம் சனிக்கிழமை சம்பளம் போட்டாகணும். திருப்பூர்ல சனிக்கிழமை சம்பளம்னா அது சம்பளம்தான், ஒரு நாள் தள்ளினா திங்கக்கிழமை டெய்லர் வேற டேபிள்ல உக்காந்திருப்பாரு. வாரத்துக்கு ஒரு தடவ பணம் வெளிய போகணும், உள்ள வர்றது நாலு மாசம் கழிச்சு. நடுவுல இருக்கற அந்த பள்ளத்த எத வெச்சு அடைக்கறாருன்னு நான் கேக்கவே வேண்டியிருக்கல, நோட்டோட பின் அட்டைக்குள்ள அத்தையோட செயின் அடகு வெச்ச ரசீது மடிச்சு இருந்துச்சு.

பஸ்ல திரும்பி வரும்போது அந்த புள்ளிதான் கண்ணுலயே நின்னுச்சு. யாரு ரொம்ப நாளா பாக்கி வெச்சிருக்காங்களோ அவங்களைத்தான் அதிகமா கேக்கணும், நாம படிச்ச ஒர்க்கிங் கேபிடல், அதான் அன்றாடம் தொழில் ஓட வேண்டிய பணத்தப் பத்தின பாடம், அதத்தான் சொல்லும். இங்க ரொம்ப பழைய பாக்கி இருக்கற இடத்துல புள்ளியே இல்ல. அப்போ லேட் ஆகற பணத்த குடுத்து மாமா வேற என்னத்தையோ வாங்கறாரு. அது என்ன? அதுக்கு என்ன வெலை? நான் அப்ப யோசிச்சது இவ்ளோதான், ஆனா ரெண்டரை வருஷத்துல முதல் தடவையா எனக்கு பதில் தெரியணும்னு தோணின கேள்வி அதுதான்.

அதுக்கப்புறம்தான் படிக்கறதே வேற மாதிரி ஆச்சு. தேடற கேள்வி ஒண்ணு மனசுல இருந்தா பழைய ஆளுங்க எல்லாம் பக்கத்துல வந்து உக்காந்துக்கறாங்க. ரொனால்டு கோஸ் லண்டன்ல படிக்கற பையன், 1931ல ஸ்காலர்ஷிப் கெடைச்சு அமெரிக்கா போறாரு, வயசு இருபது இருபத்தொண்ணு. மார்க்கெட்டே எல்லாத்தையும் ஒழுங்குபடுத்தும்னு சொல்லிக் குடுக்கறீங்களே, அப்ப கம்பெனின்னு ஒண்ணு எதுக்கு இருக்கு, எத உள்ள செய்யறாங்க, எத வெளிய வாங்கறாங்க, ஏன்? இத வெச்சுக்கிட்டு ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ்னு கம்பெனி கம்பெனியா போய்க் கேட்டாரு. கட்டுரையா வந்தது 1937ல, நோபல் பரிசு 1991ல. தைக்கறத உள்ள வெச்சுக்கலாமா பவர் டேபிளுக்கு குடுக்கலாமான்னு திருப்பூர்ல ஒரு கம்பெனி ஓனர் தினம் யோசிக்கறாரே, அதுவும் அந்த கேள்விதான்.

மேனேஜ்மென்ட் ஆராய்ச்சியாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் கதையும் எனக்குப் பிடிக்கும். மேனேஜர்னா திட்டமிடுவாரு, ஒருங்கிணைப்பாரு, கட்டுப்படுத்துவாருன்னு பிரான்ஸ்ல ஃபயோல் 1916ல எழுதினதையே எல்லாரும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. இவரு 60கள் கடைசில எம்ஐடில டாக்டரேட்டுக்காக அஞ்சு தலைமை அதிகாரிங்க பின்னாடி ஆளுக்கு ஒரு வாரம் அப்படியே கூடவே போய் எழுதிக்கிட்டாரு. அஞ்சே பேரு! நம்ம ஆராய்ச்சிய சரிபாக்கற டாக்டரல் கமிட்டில போய் சாம்பிள் அஞ்சுன்னு சொல்லிப் பாருங்க. ஆனா அவங்க செய்யற வேலைல பாதி ஒன்பது நிமிஷத்துக்கும் கம்மின்னு அவருதான் கண்டுபிடிச்சாரு, முன்னூறு பேருக்கு தாள் குடுத்து "நீங்கள் திட்டமிடுகிறீர்களா"ன்னு கேட்டிருந்தா முன்னூறு பேரும் அக்ரீன்னுதான் போட்டிருப்பாங்க.

இதவிட என்ன ரொம்ப பாதிச்சது ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் ஈதன் பெர்ன்ஸ்டீன் பண்ணது, 2012ல வந்துச்சு. தெற்கு சீனாவுல ஒரு மொபைல் போன் ஃபேக்டரி, பெரிய ஹால், எல்லா லைனும் எல்லாருக்கும் தெரியற மாதிரி இருக்கும், மேற்பார்வை நல்லா இருந்தா உற்பத்தி கூடும்னு எல்லாரும் நம்பறாங்க. அவரு சீனாவுல பொறந்த ஸ்டூடன்ட்ஸ தொழிலாளியாவே லைன்ல உக்கார வெச்சாரு. உள்ள போனா, வேலைய சீக்கிரம் முடிக்கற வழியெல்லாம் தொழிலாளிங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, மேனேஜர் வந்தா மட்டும் அத மறைச்சுட்டு ரூல்படி செஞ்சு காட்டறாங்க. ஏன்னா புதுசா ஒண்ணு செய்யறத அவருக்கு விளக்கி புரிய வெக்கறதுக்கு ஆகற நேரமும் வம்பும் வேண்டாம்னு. நம்ம லைன சுத்தி ஒரு திரை இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு லைன்லயே ஒருத்தங்க சொன்னது காதுல விழுந்திருக்கு. அதையே சோதனையா மாத்தி சில லைனுக்கு திரை போட்டுப் பாத்தாங்க, உற்பத்தி 10லேர்ந்து 15 சதவீதம் கூடுச்சு. பாருங்க, அந்த சோதனையே அங்க வேலை செஞ்ச ஒருத்தங்க வாயிலேர்ந்து வந்தது. எனக்கு அத படிச்சதும் அந்த பேங்க் ஆபீசர் ஞாபகம்தான் வந்துச்சு.

நம்ம கோயம்புத்தூர்ல பொறந்த மேனேஜ்மென்ட் பேராசிரியர் சி.கே.பிரகலாத் கூட, அரவிந்த் கண் மருத்துவமனை எப்படி அவ்ளோ கம்மி செலவுல அவ்ளோ பேருக்கு ஆபரேஷன் பண்ணுதுன்னு தன்னோட புத்தகத்துல எழுதினாரு. அது 1976ல மதுரைல டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கையோட ஆரம்பிச்சது, ஹார்வர்டுல 1993லேயே அதப் பத்தி பாடத்துக்கான கேஸ் ஸ்டடி எழுதிட்டாங்க. மதுரைல எம்பிஏ படிக்கற பசங்க அந்த ஆஸ்பத்திரிய தாண்டித்தான் காலேஜுக்குப் போயிருப்பாங்க.

திருப்பூர் பத்தியும் அப்படித்தான். பொருளாதார ஆராய்ச்சியாளருங்க அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004ல ஒரு கட்டுரை போட்டாங்க, பனியன் ஏற்றுமதி கம்பெனிகள்ல உள்ளூர் சமூகத்துக்காரங்க கம்பெனில முதலீடு அதிகமா இருக்கு, வெளியூர்லேர்ந்து வந்தவங்க கம்பெனில முதலீடு கம்மி, ஆனா வெளியூர்க்காரங்க ஏற்றுமதி வேகமா வளந்து கொஞ்ச வருஷத்துல அவங்கள தாண்டிடுதுன்னு கணக்கு போட்டு காட்டினாங்க. அதாவது பணம், யாரு நல்லா பயன்படுத்துவாங்களோ அவங்ககிட்ட போகல, யாருக்கு சொந்தபந்தம் இருக்கோ அவங்ககிட்ட போகுது. அவங்க பாத்தது மேல இருக்கற கம்பெனி. கீழ இருக்கற பவர் டேபிள்ல அந்த சொந்தமும் நன்றியும் எப்படி வேலை செய்யுதுங்கறதுதான் மாமாவோட நோட்டுல இருக்கு. இது நெஜமான கேப், இதுல மாவட்டத்து பேர மாத்தற வேலையே இல்ல.

டாபிக் மாத்தறேன்னு கைட்கிட்ட போய் நின்னப்போ அவரு கோவப்படல, ஆனா பயந்தாரு. ரெண்டரை வருஷம் வீணாப் போயிடுமே, சாம்பிள் எத்தன, ஸ்கேல் என்ன, எவன்மா உனக்கு கணக்கு நோட்ட காட்டுவான்னு வரிசையா கேட்டாரு. எல்லாம் ஞாயமான கேள்வி. டாக்டரல் கமிட்டில ஒருத்தரு "இது மேனேஜ்மென்ட் டாபிக் மாதிரி இல்லையே"ன்னாரு. நான் மாமாவோட நோட்டுல ரெண்டு பக்கத்த பேரெல்லாம் மறைச்சு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போயிருந்தேன், அத எடுத்து டேபிள்ல வெச்சேன். புள்ளி இருக்கற பில்லு, புள்ளி இல்லாத பில்லு, பக்கத்துல தேதி. கொஞ்ச நேரம் யாரும் பேசல. அப்புறம் அதே மெம்பர்தான் கண்ணாடிய கழட்டிட்டு தாள கிட்டக்க வெச்சுப் பாத்து, இந்த பதினொரு புள்ளிக்காரன் கடைசில குடுத்தானான்னு கேட்டாரு. அந்த கேள்வி வந்ததும் எனக்கு தைரியம் வந்துடுச்சு. மறுபடியும் சினாப்சிஸ், மறுபடியும் ஃபீஸ், எட்டு மாசம் போச்சு, ஆனா அப்ரூவ் ஆச்சு.

நான் ஃபீல்டுல இருக்கும்போதே சட்டம் ஒண்ணு அமலுக்கு வந்து என் கேள்விய இன்னும் கூர்மையாக்கிடுச்சு. 2023 பட்ஜெட்ல வருமான வரிச் சட்டத்துல 43பி எச்னு ஒரு பிரிவ சேத்தாங்க, குறு சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள்ள பணம் குடுக்கலைன்னா அந்த செலவ, பணம் குடுக்கற வருஷத்து வரிக் கணக்குலதான் கழிக்க முடியும், எழுத்துல ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாளுதான். 2024 மார்ச் வந்தப்போ திருப்பூர்ல டீக்கடை வரைக்கும் இதே பேச்சு. இனிமே பணம் டான்னு வந்துரும்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பினேன். மாமாவுக்கு வந்த முதல் போன் என்ன தெரியுமா, ஒரு பார்ட்டி, "பில்லுல உத்யம் நம்பர் போடாம குடுங்க"ன்னு. உத்யம்ங்கறது அரசாங்கத்துல பண்ற பதிவு, அந்த நம்பர் இருந்தாத்தான் அவரு சிறு தொழில்னு கணக்கு, அது இல்லைன்னா 45 நாளும் இல்ல. மாமா போடாமத்தான் குடுத்தாரு.

இதுக்கும் முன்னாடி 2006லேயே குறு சிறு நடுத்தர தொழில்களுக்கான எம்எஸ்எம்இ சட்டம் இருக்கு, லேட்டா குடுத்தா ரிசர்வ் வங்கி அறிவிக்கற பேங்க் ரேட்ட போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி போட்டுக் குடுக்கணும்னு தெளிவா எழுதிருக்கு. புகார் போடறதுக்கு 2017ல சமாதான்னு ஒரு போர்ட்டலும் வந்துச்சு. நான் இதுவரைக்கும் 27 பவர் டேபிள் போயிருக்கேன், இந்த வட்டிய ஒரு ரூபா வாங்கினவங்கள இன்னும் பாக்கல. சட்டம் தெரியாததால இல்ல, பாதிப் பேருக்கு மேல நல்லாவே தெரியுது. ஒரு அக்கா, எட்டு மிஷின் வெச்சிருக்காங்க, கைல பீஸ மடிச்சுக்கிட்டே சொன்னாங்க, "வட்டி ஒரு தடவ வாங்கலாம் கண்ணு, அடுத்த மூட்டை யாரு குடுப்பா?" நல்லது பண்ணணும்னுதான் சட்டம் போட்டாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா லேட் ஆகற பணம் வெறும் கடன் இல்ல, அதுக்குள்ள ஆடி மாசத்து வேலையும் 2011ம் சேர்ந்து கெடக்குன்னு சட்டம் எழுதினவங்களுக்கு யாராவது சொல்லியிருக்கணும், அத சொல்ற எடத்துல இருக்கறது நாம. பிசினஸ் ஆராய்ச்சி பண்றவங்க. நாம அந்த நேரத்துல கூகுள் ஃபார்ம் லிங்க் அனுப்பிக்கிட்டு இருந்தோம்.

சரி, ஜூனியர் பொண்ணுக்கு வர்றேன். இதெல்லாம் எழுதறதுக்கு நடுவுல நேத்து அவளுக்கு நானே போன் பண்ணி, டாபிக்க விடு, உங்க வீட்டுல என்ன பண்றாங்கன்னு கேட்டேன். பல்லடம் பக்கம் கிராமம், அப்பா பிராய்லர் பண்ணை வெச்சிருக்காராம். கம்பெனி குஞ்சு குடுக்கும், தீவனம் குடுக்கும், மருந்து குடுக்கும், இவங்க வளத்துக் குடுத்தா கிலோவுக்கு இவ்ளோன்னு வளர்ப்புக் கூலி. பக்கத்து பண்ணைக்காரங்க எல்லாரும் கூலி கூட குடுக்கற வேற கம்பெனிக்கு மாறிட்டாங்களாம், அவங்க அப்பா மட்டும் மாறலையாம். ஏன் மாறலைன்னு கேட்டேன். "தெரியலக்கா, கேட்டதில்ல. அதெல்லாம் டாபிக் ஆகுமாக்கா?"ன்னா. கேட்டுட்டு சொல்லுன்னு மட்டும் சொல்லி வெச்சேன்.

ராத்திரி பதினொண்ணே காலுக்கு மெசேஜ் வந்துச்சு. "அக்கா, அப்பாகிட்ட கேட்டேன். போன சித்திரைல நடுராத்திரி கரண்ட் போயி ஜெனரேட்டரும் ஓடலையாம், ஃபேன் நின்னா குஞ்செல்லாம் செத்துருமாம், அப்ப பழைய கம்பெனி சூப்பர்வைசர் ரெண்டு மணிக்கு பைக்ல வேற ஜெனரேட்டருக்கு ஆள கூட்டிட்டு வந்தாராம். அப்பா ஒரு மணி நேரமா பேசிக்கிட்டே இருக்காரு, நிறுத்தவே மாட்டேங்கறாரு, நான் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கேன்."

ஞாயித்துக்கிழமை பல்லடம் பஸ் ஏறப்போறோம், நானும் அவளும்.